நெஞ்சுவலி என்று வந்த செய்தி

செந்துறை தாலுகா நிருபராகப் பதினோரு வருடம் இருந்த மலர்க்கொடி, போன மாசி மாதம் ஒரு மத்தியானம் பெரம்பலூரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் அன்றைய பேப்பர். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே நாளிதழ்தான். ஐந்தாம் பக்கத்தின் அடியில் இருந்த நான்கு வரிச் செய்தியை விரலால் காட்டி, படித்தீர்களா என்று கேட்டார்.

காலையிலேயே படித்திருந்தேன். செந்துறைப் பக்கம் ஒரு கிராமம். கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்த குமரவேல் என்பவர் வீட்டில் இருந்தபோது நெஞ்சுவலி ஏற்பட்டு இறந்துபோனார். போலீசார் விசாரணை. கடைசி வரி, ‘இச்சம்பவம் அப்பகுதி மக்களிடையே பெரும் சோகத்தை ஏற்படுத்தியது.’ பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்களே என்று மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டுவிட்டு, பக்கத்தைத் திருப்பித் தங்கம் விலை பார்த்தேன். அந்தச் சபாஷை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மலர்க்கொடி உட்காரக்கூட இல்லை.

"இத யாரும் எழுதல சார். மிஷின் எழுதுனது. அந்த ஆளு வூட்ல சாவல. எனக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் அவங்க வூடு. கடைசி வரி யாரோடதுன்னு தெரியுதா?"

தெரிந்தது. அந்த வரி என்னுடையது. அதற்கு ஒரு கதை உண்டு; அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

நான் அரியலூரில் நிருபராகச் சேர்ந்தபோது நிருபர் என்ற பெயர்தான் பெரிது. மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த நம் செய்திகளை வெட்டி, நீளமான தாளில் வரிசையாக ஒட்டி மாதக் கடைசியில் திருச்சி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்து, சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுப்பார். துணிக்கடையில் முழம் போடுவது மாதிரிதான். செய்தி நீண்டால் வீட்டில் காய்கறி கூடும்.

ஆகவே நீட்டக் கற்றுக்கொண்டேன். காலையில் ஸ்டேஷனுக்குப் போனால் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு ஒருவர் முந்தின நாள் வழக்குகளை வாசிப்பார், நான் எழுதிக்கொள்வேன். அரசு ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், கோர்ட் வாசல் என்று ஒரு சுற்று. மூன்று மணிக்குள் எழுதி முடித்து, பழுப்புக் கவரில் போட்டு, பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். எந்தச் சாவுச் செய்தியாக இருந்தாலும் கடைசியில் அந்தச் சோக வரியை ஒட்டிவிடுவேன். ஊருக்குப் போகமாட்டேன், யாரையும் பார்க்கமாட்டேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு கிராமத்தைப் பெரும் சோகத்தில் ஆழ்த்திவிடுவேன். ஒன்றரை சென்டிமீட்டர் லாபம்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. பிறகு திருச்சியில் அந்தோணிசாமி செய்தி ஆசிரியராக வந்தார்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் ‘அய்யா’ என்பார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும், அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவதற்குள் நமக்கு வியர்த்துவிடும். கவர் போய்ச் சேர்ந்ததும் சந்தேகம் இருந்தால், அரியலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போடுவார். ஐந்தரை மணிக்கு நாங்கள் அங்கே போய் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வியாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு நாள். குவாரிக்குப் பக்கத்து ஊரில் கூலி வேலை பார்த்த ஒருவர் வீட்டில் நெஞ்சுவலி வந்து இறந்தார் என்று அனுப்பியிருந்தேன். சுண்ணாம்புக்கல் வெட்டும் குவாரி அது. போன் வந்தது.

"அய்யா, பெரும் சோகம்னு எழுதியிருக்கீங்க. யார் அழுதாங்க?"

ஊரே அழுதது என்றேன். ஒரு பேர் சொல்லுங்கள் என்றார். என்னிடம் பேர் இல்லை. பூத்தில் என் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அவர், செய்தியை நிறுத்தி வைத்திருக்கிறேன், நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாலு வரிச் செய்திக்கு இருபது கிலோமீட்டர் போய்வர வேண்டும், பெட்ரோல் செலவு என் பையிலிருந்து. ஆனாலும் காலையில் டி.வி.எஸ். ஐம்பதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனேன்.

போன நேரம், உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் உட்காரவைத்துத் தலையில் குடம் குடமாக ஊற்றினார்கள். வாசலில் ஓடிவந்த தண்ணீர் என் செருப்பை நனைத்தது. கோலமாவு கரைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. மூன்றாவது குடத்துக்கும் வெள்ளை போகவில்லை. இறந்தவரின் மனைவி பூங்காவனம் அழவில்லை. கணவனின் காதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துணி ஒவ்வொரு தடவையும் வெள்ளையாக வந்தது. பேப்பர்காரன் என்று யாரோ சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"வூட்ல படுத்திருந்த மனுசனுக்கு மூக்குக்குள்ள எப்படிங்க சுண்ணாம்பு போவும்?"

அங்கே நின்ற குவாரி ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் திரும்பும்போது அவர்களில் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொடுப்பதுபோல ஊர் எல்லை வரை கூடவே வந்தார். மண்மேடு சரிந்தது, தோண்டி எடுத்தோம், ஒப்பந்தக்காரர் ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டையை மாற்றிப் படுக்கவைத்தோம் என்று சொன்னார். பேர் போடக்கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். குவாரியில் செத்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும், வீட்டில் செத்தால் மாலை போட்டால் போதும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அந்தோணிசாமி அந்தச் செய்தியை உடனே போடவில்லை. மூன்று இடத்தில் பேசினார். போலீஸ் என்ன சொல்கிறது, ஒப்பந்தக்காரர் என்ன சொல்கிறார், அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று மூன்றையும் தனித்தனிப் பத்தியாக வைத்தார். சுண்ணாம்புத் தண்ணீரை அப்படியே விட்டார். சோக வரியை மட்டும் அடித்துவிட்டார். ஒரு வாரத்தில் தாசில்தார் முன்னிலையில் உடலைத் தோண்டி எடுத்துப் பிரேதப் பரிசோதனை நடந்தது. நஷ்டஈட்டு வழக்கில் எங்கள் பேப்பர் கட்டிங்கை முதல் தாளாக வைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பூங்காவனத்துக்குப் பணம் கிடைத்தது, தாமதமாக.

இதில் வியாபாரமும் உண்டு. அந்த ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்களுக்கு முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் தருபவர். நிறுத்திவிட்டார். விளம்பரப் பிரிவு மேலாளர் செய்திப் பிரிவுக்கே வந்து குதித்தாராம். அந்தோணிசாமி கிராம்பை ஒதுக்கிவிட்டு, "அடுத்த பொங்கலுக்கு வருவாரு, இருங்கய்யா" என்றாராம். வந்தார். அவர் படம் பேப்பரில் வந்தால்தான் அரியலூர் அவரைப் பார்க்கும், வேறு வழி இல்லை. அவருக்கு நாங்கள் தேவைப்பட்டோம். அதனால்தான் அவரைப் பற்றி எங்களால் எழுத முடிந்தது. இது நேர்மை மட்டும் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு போகாமல் நான் சாவுச் செய்தி எழுதியதில்லை என்று சொல்ல ஆசைதான். உண்மை அது இல்லை. அந்தோணிசாமி ஓய்வு பெற்ற பின், மழைக்காலத்தில், முதுகுவலி நாட்களில், அந்த வரி திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. பெரம்பலூரில் மாவட்ட நிருபராகிச் சம்பளம் வாங்கத் தொடங்கியும் விரல் தானாக அதை எழுதிவிடும். முப்பது வருடத்தில் எத்தனை தடவை எழுதினேனோ தெரியாது.

அந்த எத்தனை தடவையையும் படித்த ஒன்று இப்போது இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற நாலாம் வருடம், பெரம்பலூரில் ஒரு ஓட்டல் ஹாலில் தாலுகா நிருபர்கள் எல்லோரையும் நிர்வாகம் கூப்பிட்டது. என்னையும் மரியாதைக்குக் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து வந்தவர் திரையில் படம் போட்டு விளக்கினார். கல்யாண விளம்பரம், கண்ணீர் அஞ்சலி, வீட்டுமனை எல்லாம் செல்போனுக்குப் போய்விட்டன என்றார். அது எங்களுக்கும் தெரியும். அதற்கு மேலே அவர் சொன்னதுதான் புதிது. வாசகர்கள் இப்போது நம் இணையப் பக்கத்துக்கும் வருவதில்லை. செந்துறையில் என்ன நடந்தது என்று போனையே கேட்டால், அதுவே நாலு வரியில் சொல்லிவிடுகிறது. நாம் எழுதியதைப் படித்துத்தான் சொல்கிறது, ஆனால் வாசகர் நம்மிடம் வராததால் விளம்பரக் காசு நமக்கு வருவதில்லை. ஆகவே செலவைக் குறைக்க நாமும் ஒரு மிஷின் வைக்கிறோம். போலீஸ், கலெக்டர் ஆபீஸ் செய்திக் குறிப்பைக் கொடுத்தால் அது செய்தியாக்கிவிடும். உங்களுக்கு இது உதவிக்குத்தான் என்றார்.

அப்புறம் என்னை மேடைக்கு அழைத்தார். நமது மாவட்ட நடை மிஷினுக்கு எப்படி வந்தது தெரியுமா, சாருடைய முப்பது வருடச் செய்திகளை ஸ்கேன் செய்து படிக்க வைத்தோம் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாயசத்தோடு சாப்பாடு. மூன்றாம் மாதம் மலர்க்கொடி உட்படத் தாலுகா நிருபர்கள் எல்லோருக்கும் இனி செய்தி அனுப்ப வேண்டாம் என்று தகவல் வந்தது. மலர்க்கொடி இப்போது ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து சாதிச் சான்றுக்கு விண்ணப்பம் பதிகிறார். என்னை வரவேற்று அவர் கைதட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது.

மலர்க்கொடி வந்த மறுநாளே செந்துறைக்குப் பஸ் ஏறினேன். அவர் என்னைக் குமரவேலின் மனைவி தனலட்சுமியிடம் அழைத்துப்போனார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். அன்றைக்கு அவர் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். ஆள் வந்து கூப்பிட்டு, வீட்டுக்கு ஓடிவந்தால் கணவன் கட்டிலில் கிடக்கிறார். மத்தியானம் நெஞ்சு வலிக்கிறதென்று வந்தார், படுத்தார், போய்விட்டார் என்று கிரஷர் ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். செலவை எல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். வெயில் தாழ்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"முதுகு முழுக்கத் தோலு உரிஞ்சி கெடந்துச்சு சார். கேட்டா, தூக்கும்போது கட்டில்ல தேச்சிருக்கும்ங்கறாங்க. எரிச்சிட்டாங்க சார். இனிமே யாருகிட்ட எதக் காட்டறது நான்?"

நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கப்போவதாகச் சொன்னார். அது கிடைக்கவில்லை என்றால் பெரியவளின் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார். உடல் இல்லை. பார்த்தவர்கள் வாய் திறந்தால்தான் உண்டு.

திறந்த ஒருவரை மலர்க்கொடி கண்டுபிடித்தார். ராசேந்திரன், அதே கிரஷரில் வேலை. செந்துறை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளரைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னார். கல் போகும் பெல்ட்டில் குமரவேலின் துண்டு மாட்டியது. ஆளை இழுத்துவிட்டது. மோட்டாரை நிறுத்தப் போனவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. நாலு பேர் தூக்கினோம், நான் கால் பக்கம் பிடித்தேன் என்றார். அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். அதிகாரி கேட்டால் சொல்வீர்களா என்றதற்குச் சொல்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து திருச்சி ஆபீசுக்குப் போன் போட்டேன். நாலு மாவட்டப் பக்கங்களை ஒருவரே பார்க்கிறார். தெரிந்தவர், நல்லவர். முழுக்கக் கேட்டார். செய்தியைத் திருத்த வேண்டுமானால் அரசு ஆவணம் ஏதாவது வேண்டும் சார், நேரில் போய் விசாரிக்க எனக்கு ஆளே இல்லை என்றார். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்தால், எழுத்துபூர்வமாக ஏதாவது ஆதாரம், பேப்பர் செய்தி மாதிரி இருந்தால் கொடுங்கள் என்கிறார்கள். அங்கே போனால் இங்கே போ, இங்கே வந்தால் அங்கே போ.

மனசு கேட்காமல் என் போனையே கேட்டுப் பார்த்தேன். செந்துறை குமரவேல் எப்படி இறந்தார்? ஒரு விநாடி கூட ஆகவில்லை. வீட்டில் நெஞ்சுவலியால் என்று அழகான தமிழில் சொன்னது. ஆதாரம் என்று எங்கள் பேப்பர் பெயரைப் போட்டது.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். மிஷின் பொய் சொல்லவில்லை. செய்திக் குறிப்பில் இருந்ததைச் சொன்னது. நானும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். ஆனால் எனக்கு ஐந்தரை மணிக்கு ஒரு போன் வந்தது. நான் வெட்டி ஒட்டிய தாள்களில் நான் எழுதிய வரிகள் இருக்கின்றன. அந்தப் போன் இல்லை. இருபது கிலோமீட்டர் இல்லை, அந்தோணிசாமி நிறுத்தி வைத்த செய்திகள் ஒன்றுகூட இல்லை. அச்சில் வராததை அது எப்படிப் படித்திருக்கும்? அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் இப்படி எத்தனை பேர் வீட்டில் நெஞ்சுவலியால் இறந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. இதை நினைத்துக்கொண்டால் காலையில் பேப்பரைக் கையில் எடுக்கவே கை கூசுகிறது.

பங்குனியில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தனலட்சுமியோடு மலர்க்கொடியும் நானும் போனோம். அதிகாரி தன்மையானவர். எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார். கிரஷர் தரப்பு வக்கீல் பேசியதே குறைவு. ஒரே ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார். எங்கள் பேப்பரின் நான்கு வரி.

ராசேந்திரனைக் கூப்பிட்டார்கள். முதலாளி ஆட்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி தாளைப் படித்துக் காட்டி, நடந்தது என்ன என்று கேட்டார். ராசேந்திரன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பேப்பர்ல எப்படி வந்திருக்கோ அப்படித்தான் சார்."

கால் பக்கம் பிடித்துத் தூக்கிய ஆள். அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். முன்பெல்லாம் இப்படிப் பயந்தவர்களுக்குப் பேப்பர் ஒரு மறைப்பாக இருந்தது, பேர் போடாமல் அவர்கள் சொன்னதைப் போட்டோம். இப்போதும் பேப்பருக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டார்.

நான் எழுந்தேன். முப்பது வருடம் நிருபராக இருந்தவன், இதே ராசேந்திரன் என்னிடம் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன் என்று நோட்டை நீட்டினேன். அதிகாரி வாங்கி ஒரு பக்கம் படித்தார். பிறகு மரியாதையாகவே கேட்டார்.

"நீங்க எந்தப் பேப்பர் சார்?"

சொன்னேன். அவர் அந்த ஜெராக்ஸ் தாளை மெல்ல என் பக்கம் திருப்பி வைத்தார். மேலே பேப்பரின் பெயர் இருந்தது. இது உங்கள் பேப்பர்தானே என்றார். ஆமாம் என்றேன். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தனலட்சுமிக்குப் படிக்கத் தெரியாது. எந்தப் பேப்பரில் வந்தது என்று அதுவரை அவர் எங்களைக் கேட்டதும் இல்லை, நாங்கள் சொன்னதும் இல்லை. அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இது நீங்க எழுதுனதா சார்?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.